மாடி வீட்டுச் சுவரின் பவளமல்லி

மாடி வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படத்திலிருந்து பவளமல்லி உதிர ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில்; அன்றைக்குத்தான் எங்கள் போர்வெல் மோட்டார் எரிந்துபோய், ஊருக்கெல்லாம் பம்ப்செட் செய்து விற்கிற குடும்பத்தின் மூத்த மருமகளாகிய நான் ஒரு குடம் தண்ணீருக்காகத் தெருக்குழாயில் நின்றுகொண்டிருந்தேன், அதனால் கிழமை மறக்கவில்லை. குடத்தோடு வாசற்படி ஏறும்போது என் ஓரகத்தி கஸ்தூரி மாடியிலிருந்து எவர்சில்வர் தட்டு ஒன்றை ஏந்திக்கொண்டு இறங்கி வந்தாள். தட்டு நிறையப் பவளமல்லி.

"அக்கா, இதைப் பாருங்க. சொவத்துல இருந்து உழுந்துதுங்."

"எந்தச் சொவத்துல?"

"ஹால் சொவத்துலதானுங். அந்தப் பவளமல்லிப் படம் மாட்டியிருக்கறேனில்ல, அதுக்கு நேர் கீழே."

"கூட்டித் தள்ளு அம்மணி, எறும்பு வந்துரும்," என்று சொல்லிவிட்டு நான் குடத்தை உள்ளே கொண்டுபோனேன். ஒரு அதிசயத்தை நான் வரவேற்ற லட்சணம் அதுதான். ஆனால் குடத்தை இறக்கி வைக்கும்போதே வயிற்றில் சுருக்கென்றது. என் வீட்டில் குழாயிலிருந்து தண்ணீரே வரவில்லை, அவள் வீட்டில் காகிதத்திலிருந்து பூ வருகிறதாம்.

கஸ்தூரி யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவின் தம்பி தங்கவேலுவுக்கு வாழ்க்கைப்பட்டவள். கோயமுத்தூரில், செல்லாண்டியம்மன் நகர் மூன்றாவது வீதியில், அண்ணனும் தம்பியும் சேர்ந்து கட்டிய வீட்டில் கீழே நாங்கள், மேலே அவர்கள். ஒரே பிளான், ஒரே டைல்ஸ், ஒரே அளவு ஹால்; அவள் ஹால் கொஞ்சம் பெரியதோ என்ற சந்தேகத்தில், அவள் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் டேப் வைத்து அளந்துகூடப் பார்த்திருக்கிறேன், பதினெட்டு அடிதான். அவளுக்கு நல்ல நிறம், முழங்கால் வரை கூந்தல், வாய்க்கு அடங்கிய புருஷன், அவள் வைக்கிற அரிசிம்பருப்புச் சோற்றுக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு மணம். இருபத்தெட்டு வருஷமாக இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், எனக்கு மிருதுளா இருந்தாள், அவளுக்குப் பிள்ளை இல்லை. இதை ஒரு நாளும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, சத்தியமாக. ஆனால் அவள் புதுக் கார் வாங்கி வாசலில் நிறுத்திய அன்று, "மிருது, வா கண்ணு, சித்தி காரைப் பாரு" என்று மகளைக் கூப்பிட்டு என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அவ்வளவு போதும், சரிக்குச் சரி ஆகிவிடும். அவள் உள்ளுக்குள் என்னைப் பார்த்து ஏங்குகிறாள் என்ற நினைப்புத்தான் என்னை நல்லவளாக வைத்திருந்தது.

படங்கள் வந்த கதை இது. குன்னூர்ப் பக்கம் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை இடிக்கப்போகிறார்கள், அங்கே கிடக்கிற மோட்டார்களை ஏலத்தில் எடுக்கலாம் என்று தங்கவேலு கிளம்பியபோது கூடப் போன கஸ்தூரி, அட்டை போய், முதுகு கிழிந்து, காகிதமெல்லாம் பழுத்துப்போன ஒரு பெரிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாள். இருநூறு வருஷத்துக்கு முந்தி யாரோ ஒரு வெள்ளைக்கார வைத்தியர் நம் மலையிலும் காட்டிலும் உள்ள செடிகொடிகளையெல்லாம் நம்மூர் ஓவியர்களை உட்காரவைத்து வரையச்சொல்லி அச்சுப்போட்டு, கையாலேயே வண்ணம் தீட்டவைத்த புத்தகம். தாளுக்குக் கீழே வெள்ளைக்காரர் பெயர் இருந்தது, வரைந்தவன் பெயர் ஒரு தாளிலும் இல்லை. அது வெறும் பூப்படம் இல்லை. மொட்டு, மலர்ந்த பூ, காய், பழம், குறுக்கே அறுத்த விதை, மண் உதறிய வேர் என்று, ஒரு செடி தன் ஆயுசு முழுக்கச் செய்கிற வேலையையெல்லாம் ஒரே தாளில் ஒரே நேரத்தில் செய்துகொண்டிருந்தது, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பொடியாக நம்பர் வேறு போட்டிருந்தது. சுற்றிலும் வெள்ளை. மண்ணில்லை, வானமில்லை, ஒரு புழு பூச்சி இல்லை.

எங்கள் வீதியில் வீட்டுச் சுவர் என்றால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. கிழக்கே சாமி காலண்டர், மேற்கே கல்யாண போட்டோ, டிவிக்கு மேலே பையன் பட்டம் வாங்கியது, வாசலுக்கு நேராக ஏழு வெள்ளைக் குதிரை ஓடுகிற படம். கஸ்தூரி என்ன செய்தாள் என்றால், கல்யாண போட்டோவைக் கழற்றிப் படுக்கையறையில் வைத்துவிட்டு, புத்தகத்திலிருந்து ஒன்பது தாளை எடுத்து, மெல்லிய மரச்சட்டம் போட்டு, ஹாலின் பெரிய சுவரில் வரிசைக்கு மூன்றாக மாட்டினாள்: பவளமல்லி, செண்பகம், செங்காந்தள், மனோரஞ்சிதம், சரக்கொன்றை, வெட்சி, இன்னும் எனக்குப் பெயர் தெரியாத மூன்று. மாட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டாள். நான் போய்ப் பார்த்து, "ஸ்கூல்ல பாடம் நடத்தற ரூம் மாதிரி இருக்குது" என்றேன். அப்படித்தான் சொன்னேன். ஆனால் அந்தச் சுவர் அவ்வளவு அழகாக இருந்தது, எனக்கு அதன்முன் உட்காரக்கூடப் பிடிக்கவில்லை, எழுந்து போகவும் பிடிக்கவில்லை. மிருதுளா மட்டும் ஒவ்வொரு படமாக மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்துவிட்டு, "சித்தி, உங்களுக்கு மட்டும் எப்படி இதெல்லாம் தோணுது?" என்று கேட்டாள். மறு செவ்வாய்க்கிழமைதான் பவளமல்லி உதிர்ந்தது.

அதற்கப்புறம் நாளும் தவறாமல் உதிர்ந்தது. பவளமல்லியைத் தொடர்ந்து செண்பகம், அப்புறம் கொன்றை, ஆடி மாசம் பிறப்பதற்குள் ஒன்பது படமும் பூத்தன. கண்ணாடி கண்ணாடியாகவே இருக்கும், சட்டம் சட்டமாகவே இருக்கும், தரையில் மட்டும் பூ கிடக்கும். கையில் எடுத்துப் பார்த்தால் நிஜப் பூவேதான், வாசனையும் அதேதான். என்ன ஒன்று, வரைந்தவன் இடது பக்கம் நிழல் தீட்டியிருந்ததால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒவ்வொரு பூவின் இடது பக்கமும் கருத்தே இருக்கும், சில பூக்களின் காம்பில் மூன்று என்றோ ஐந்து என்றோ நம்பரும் ஒட்டிக்கொண்டிருக்கும். பழம் விழுந்தால் பாதிப் பழமாகத்தான் விழும், அறுத்த பக்கம் மேலே தெரிய. வாடுவதில்லை, நாலைந்து நாளில் ஓரம் பழுத்துப் பழைய காகிதம் போல ஒடிந்துவிடும்.

வீதி திரண்டு வந்து பார்த்தது. மாடிப்படியில் செருப்பு வைக்க இடமில்லாமல் என் வாசலில் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார்கள். என்னைப் பார்க்க வந்த செருப்பு என்று ஒரு ஜோடியும் அதில் இல்லை. குடியிருப்போர் நலச் சங்கம் கூடி, சுவரிலிருந்து விழுகிற பூ வீட்டுக் குப்பையா தோட்டக் குப்பையா என்று ஒன்றரை மணி நேரம் பேசி, தோட்டக் குப்பைதான், பச்சை வாளியில் போட வேண்டும் என்று முடிவு செய்தது. தேனீ வருகிறது என்று பக்கத்து வீட்டிலிருந்து ஒரு புகார் வந்தது; சங்கத் தலைவர் சர்வேயர் குழந்தைவேலு வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்து, தேனீக்கள் கண்ணாடியில் முட்டிக்கொண்டு ஏமாந்து திரும்புகின்றன, யாரையும் கொட்டுவதில்லை என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். பூக்கார மாராத்தாள், தன் பிழைப்பில் மண் விழுந்தது என்று மாடிக்குக் கீழே நின்று ஒரு நாள் முழுக்க ஏசினாள், மறுநாள் கூடையோடு வந்து தினமும் பாதியைத் தனக்குத் தரும்படி கேட்டு வாங்கிப் போனாள்.

கோயில் பூசாரிக்குத்தான் பெரிய சந்தேகம். மண்ணில் வேர் ஊன்றாத பூவை ஆத்தாளுக்குச் சூட்டலாமா? அவர் வழக்கப்படி பூ வாக்குக் கேட்டார். செல்லாண்டியம்மனின் இரண்டு தோளிலும் பூவை ஒட்டவைத்துவிட்டு வீதியே கைகூப்பி நிற்க, கால் மணி நேரம் கழித்து வலது பக்கத்துப் பூ விழுந்தது. வலது விழுந்தால் சம்மதம். அன்றிலிருந்து அம்மனுக்குக் காலைப் பூசையில் கஸ்தூரி வீட்டுப் பூ. இடது விழ வேண்டுமென்று நான் வேண்டிக்கொண்டு நின்றேன், அம்மன் முன்னாலேயே நின்று வேண்டினேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாருக்கும் அந்தப் படம் வேண்டும் என்றாகிவிட்டது. புத்தகத்தில் இன்னும் நூற்றுச்சொச்சம் தாள் இருந்தது. இன்னொருத்தியாக இருந்தால் பூட்டி வைத்திருப்பாள், கஸ்தூரி கேட்டவருக்கெல்லாம் கொடுத்தாள். நான் கேட்கவில்லை. மிருதுளாவை அனுப்பி இருப்பதிலேயே பெரிய தாளாக, தாமரைக் கொடி வரைந்ததைக் கொண்டுவரச் சொன்னேன். வீதி மொத்தமும் தாளைச் சுருட்டிக்கொண்டு பிரேம் கடை காதர் பாயிடம் போனது. அங்கேதான் ஒரு தப்பு நடந்தது. வேரோடு பிடுங்கின செடியை நடுவீட்டில் மாட்டினால் குடும்பம் வேரற்றுப் போகும் என்று யார் வாயிலிருந்தோ வந்தது, பாய் ஆயுசு முழுக்கச் சாமிப் படத்துக்குச் சட்டம் போட்டவர், அவரிடம் எல்லாப் படத்துக்கும் ஒரே அளவுச் சட்டம்தான், அவருக்கும் கீழே நாலு விரல் வெட்டினால் வசதி. ஆகவே வீதியில் அத்தனை பேரும் வேரை வெட்டிவிட்டே மாட்டினோம்.

ஒரு மாசம் ஆயிற்று, ஒரு இதழ்கூட விழவில்லை. வேரில்லாமல் செடி எதைக் குடிக்கும் என்ற யோசனை அப்புறம்தான் வந்தது. நல்லவேளையாக, சாமிப் படத்தில் வெட்டிய துண்டில் சில சமயம் பாதம் இருக்கும் என்பதால் காதர் பாய் எந்தத் துண்டையும் குப்பையில் போடுவதில்லை. எங்கள் வேர்களையும் ஒரு செருப்பு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். வரிசையில் நின்று அவரவர் வேரை அடையாளம் சொல்லி வாங்கி ஒட்டவைத்தோம். சில வீடுகளில் ஒன்றிரண்டு பூ வந்தது. பேங்க்கில் ரிட்டையரானவர் வீட்டில் ஒரு வெட்சிக் கொத்து விழுந்து, அவர் அதைத் தட்டில் வைத்து வீடு வீடாகக் காட்டினார். என் தாமரை அப்படியே நின்றது. நடுவில் நாலு நாள் உடுமலைக்கு மாமன் வீட்டுக்குப் போய்வந்தது தவிர, மூன்று வேளையும் போய்ப் போய்ப் பார்ப்பேன், மொட்டு மொட்டாகவே இருக்கும்.

இதற்கு நடுவில்தான் மிருதுளாவுக்குப் பொள்ளாச்சியிலிருந்து வரன் வந்து, பேசி, பிடித்து, ஆவணியில் நிச்சயம் என்று நாளும் குறித்தார்கள். பெண் வீட்டில் நடக்கிற நிச்சயம். என் வீட்டில், என் ஹாலில், நான் பெற்ற மகளை உட்காரவைத்து, வந்திருக்கிற ஒறம்பரைச் சனமெல்லாம் பார்க்க நான் தட்டு மாற்ற வேண்டும் என்று இருபத்துநாலு வருஷமாக மனதுக்குள் நடத்திப் பார்த்த விசேஷம். ஒரு நாள் மிருதுளா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ம்மா, கோவிச்சுக்காத. நிச்சயத்தை மாடில வெச்சுக்கலாமா? அந்தச் சொவத்துக்கு முன்னால உக்காந்தா எவ்ளோ நல்லா இருக்கும்!"

"நம்ம ஊட்டுல சொவரில்லையா?"

"இருக்கு. பூக்கலியே."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் அன்றைக்குச் சோறு உண்ணவில்லை. பக்கத்து வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக்கல்லை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டவளைச் சொல்லிச் சிரிப்பார்கள். பிள்ளை பெற்றவளே கல்லைத் தேடிக்கொண்டிருந்த கதை என்னுடையது. நிச்சயத்துக்குள் என் தாமரை ஒரே ஒரு பூப் பூத்துவிட வேண்டும், இல்லையென்றால் என் மகள் மாடியேறிப் போய்விடுவாள். இதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஆடி அமாவாசை வந்தது. இவ்வளவு பேர் வந்து பார்க்கிற சுவர், கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று தங்கவேலு பயந்துபோய், உப்பும் மிளகாயும் எடுத்து ஒன்பது படத்துக்கும் சுற்றிப்போட்டு, வாசலில் பூசணிக்காயும் உடைத்தான். மறுநாள் தரை துடைத்த மாதிரி இருந்தது. அடுத்த நாளும் இல்லை. பூ பட்டுப்போயிற்று என்று வீதியே துக்கம் விசாரித்தது. மூன்றாம் நாள் நான் ஏறிப் போய், "அட பாவமே, என்னாச்சு கஸ்தூரி?" என்று ஒரு மணி நேரம் அந்தச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன்; மனசுக்குள் கற்கண்டு, பூக்காமலே அந்தச் சுவர் அழகாக இருந்தது மட்டும் உறுத்தியது. நான் இறங்கி வந்து கைகால் கழுவுவதற்குள் மேலே சரக்கொன்றை கொட்டியது.

திருஷ்டி கழித்ததும் நின்ற பூ, ஆள் வந்து பார்த்ததும் திரும்பியபோதுதான் வீதிக்கு விளங்கியது. ஊரெல்லாம் கண்பட்டால் செடி கருகும். இந்தச் செடிகள் கண்பட்டால்தான் பூக்கும். பெயர்கூடப் போடாமல் விட்டார்களே என்று வரைந்தவன் வயிறெரிந்து தீட்டியிருப்பான், அது மையில் இறங்கியிருக்கும் என்று குழந்தைவேலு ஒரு காரணம் சொன்னார், அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை. பூசாரியிடம் போய், வயிற்றெரிச்சல் பூவை அம்மனுக்குச் சூட்டலாமா என்று கேட்டார்கள். "ஆத்தாளுக்கு வர்ற பூவெல்லாம் ஏதோ ஒரு ஏக்கத்துலதானப்பா வருது" என்று சொல்லிவிட்டு, அவர் இரண்டாவது தடவை வாக்குக் கேட்கவில்லை.

அதற்கப்புறம் எங்கள் வீதி நடந்துகொண்ட விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். எப்படி இருக்கீங்க என்று கேட்டால் "ஏதோ ஓடுதுங்க" என்று சொல்லியே பழகியவர்கள், "ரொம்ப நல்லா இருக்கோம், உங்களுக்கெல்லாம் இந்தக் கொடுப்பினை வருமா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மகனுக்கு வேலை கிடைத்ததை ஆறு மாசம் மறைத்து வைப்பவர்கள் ஆர்டர் வருவதற்கு முன்பே ஸ்வீட் கொடுத்தார்கள். காருக்குப் போட்ட உறை கழன்றது, பீரோவில் கிடந்த பட்டுச்சேலையெல்லாம் வெயிலில் காய்கிற சாக்கில் மொட்டைமாடிக் கொடிக்கு வந்தது. வாசலில் தொங்கிய திருஷ்டிப் பூதமும் படிகாரமும் ஒரே வாரத்தில் காணாமல் போயின. பேங்க்காரர் தன் வெட்சிக்கு இன்னொரு தடவை பூ வரவழைக்க, வேண்டாதவர்களையெல்லாம் தேடிப்பிடித்து விருந்துக்குக் கூப்பிட்டார். நாலாவது வீட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர்தான் பாவம், தன் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து, "முப்பத்தஞ்சு வருஷம் உழைச்சு வீடு கட்டியிருக்கறேன், என்னையப் பாத்து வயிறெரிய ஒரு சனம்கூட இல்லையா?" என்று அழுதார். மனசு கேட்காமல் நாங்கள் முறை வைத்துக்கொண்டு அவர் வீட்டில் போய் உட்கார்ந்து பொறாமைப்பட்டுப் பார்த்தோம். வரவேயில்லை. பொறாமை என்ன, கேட்டவுடன் கொடுக்கிற கடனா?

டீச்சர் வீட்டிலிருந்து திரும்பி வந்து என் தாமரைக்கு முன்னால் நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது. டீச்சருக்கு யாருமில்லை, சரி. எனக்கு ஒருத்தி இருக்கிறாளே! என்னைப் பார்த்து இருபத்துநாலு வருஷமாக ஏங்குகிறவள் என் தலைக்கு மேலேயே குடியிருக்கிறாளே, தினமும் நாலு தடவை என் ஹாலைக் கடந்து போகிறாளே, அப்படியென்றால் என் தாமரை குளம்போலல்லவா பூத்திருக்க வேண்டும்?

சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை, நிச்சயத்துக்கு எடுத்த அரக்குப் பட்டுச்சேலையை உடுத்தவைத்து, என் காசுமாலையைப் போட்டு, தலை நிறையப் பூவைத்து மிருதுளாவை ஹாலில் நிறுத்தினேன். கஸ்தூரியைக் கூப்பிட்டுத் தாமரைக்கு நேர் எதிரே உட்காரவைத்தேன்.

"எப்படி இருக்கறா பாரு. பெத்த வயிறு குளுந்துபோச்சு கஸ்தூரி," என்றேன். "கல்யாணமாகி ஒரு வருசத்துல கையில ஒண்ணக் குடுத்தாள்னா போதும். பேரன் பேத்தி எடுக்கற பாக்கியம் எல்லாத்துக்குமா வாய்க்குது?"

இதைச் சொன்ன வாய் என்னுடையதுதான். மிருதுளா முகம் சுருங்கி, "ம்மா!" என்றாள். கஸ்தூரி எழுந்து வந்து, சேலை மடிப்பில் ஒன்று விலகியிருந்ததைக் குனிந்து சரிசெய்து, இரண்டு கையாலும் மிருதுளாவின் கன்னத்தைத் தொட்டு வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து நெட்டி முறித்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை, தாமரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மொட்டு அசையவில்லை. மேலே மாடியில் மட்டும் ஏதோ பொலபொலவென்று கொட்டுகிற சத்தம் கேட்டது.

அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. சாயங்காலம் மாடியேறிப் போனேன். மிருதுளா மொட்டைமாடியில் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கஸ்தூரி கீழே உட்கார்ந்து நிச்சயத்துக்கு வெற்றிலை பாக்குப் பைகளில் மஞ்சள் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள், சுற்றிலும் காலையில் விழுந்த பூ வாரப்படாமல் கிடந்தது.

"கஸ்தூரி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்க்கா."

"என்ற ஊட்டுச் சொவத்துல ஏன் பூக்க மாட்டேங்குது?"

"அட, அத உடுங்க்கா. எல்லார் ஊட்டுலயுமா பூக்குது?"

"உனக்கு என்னையப் பாத்து வயிறெரிஞ்சதே இல்லையா?" பூவைத் தள்ளிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். "எனக்குப் புள்ள இருக்குது, உனக்கில்ல. இத்தன வருசத்துல ஒரு நாளு? ஒரே ஒரு நாளுகூடவா உனக்கு ஏக்கமா இருந்ததில்ல?"

ஒருத்தியிடம் கேட்கக்கூடாத கேள்வி. அவள் கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அவள் கையிலிருந்த பையை முடிச்சுப் போட்டுக் கீழே வைத்துவிட்டு, யோசித்துச் சொன்னாள்.

"இல்லைன்னு சொன்னா பொய்யிங்க்கா. கல்யாணமான புதுசுல நாலு வருசம் ஏங்கினேன். உங்களப் பாத்துன்னு இல்ல, ரோட்டுல கைக்கொழந்தையோட போற எல்லாத்தையும் பாத்து. அப்புறம் மிருது பொறந்தா. உங்களுக்கு டைபாய்டு வந்து மூணு மாசம் படுத்துட்டீங்களே, அப்ப அவளை என்ற நெஞ்சுலதான் போட்டுத் தூங்க வெச்சேன். அதோட நின்னுபோச்சுங்க்கா." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "என்ற புள்ளையப் பாத்து எனக்கே எப்பிடிங்க்கா வயிறெரியும்?"

என்மேல் எறியவேண்டுமென்று அவள் அதைச் சொல்லவில்லை. எத்தனை பேருக்கு உலை வைக்கட்டும் என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். ஆனால் என் கையில் இருந்த ஒரே ஒரு பொருளை, எதைக் கொண்டு நான் அவளை அளந்துகொண்டிருந்தேனோ அந்தப் பொருளை, அவள் எப்போதோ எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள், அதுவும் நானே தூக்கிக் கொடுத்து, திருடினாள் என்று சொல்ல வழியில்லாமல். எனக்கு அடிவயிற்றிலிருந்து எழுந்தது. காருக்கும் கூந்தலுக்கும் பட்டதெல்லாம் ஒன்றுமேயில்லை, பொறாமை என்றால் இதுதான்.

சுவர் பூத்தது. ஒன்பது படமும் ஒரே மூச்சில் பூத்தன. பவளமல்லி மழையாக இறங்கியது, செண்பகம் அதன்மேல், செங்காந்தள் நெருப்பு நெருப்பாக அதன்மேல், பெயர் தெரியாத மூன்றும் பெயர் தெரியாத நிறங்களில், பாதிப் பழங்கள் தொப் தொப்பென்று, விதைகள் டைல்ஸில் தெறித்து உருண்டு, சரக்கொன்றை மின்விசிறி வரை எழும்பிச் சரிந்து, வெற்றிலைப் பைகளெல்லாம் மூடிப்போய், பூ என் முழங்கால் வரை வந்து நின்றது. ஜன்னலுக்கு வெளியே தேனீக்களின் இரைச்சல். அத்தனை பூவிலும் இடது பக்கம் கருத்திருந்தது.

கஸ்தூரி சீமாற்றை எடுத்துவந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் என் காலைச் சுற்றிக் கூட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க உடுமலைக்கு உங்க மாமன் ஊட்டுக்குப் போயிருந்தீங்களே, அந்த நாலு நாளும் ஒரு பூக்கூட உழுகலீங்க்கா. எடுத்து வெச்ச பழைய பூவத்தான் எல்லாத்துக்கும் குடுத்தேன். யாருகிட்டயும் நான் சொல்லலீங். ஊட்டுக்காரருகிட்டக்கூடச் சொல்லலீங்."

அப்போது மிருதுளா மொட்டைமாடியிலிருந்து ஓடி வந்தாள். வாசற்படியிலேயே வாயைப் பிளந்து நின்றாள், அப்புறம் பூவுக்குள் இறங்கி, இரண்டு கையாலும் வாரி வாரித் தலைக்குமேல் எறிந்து, சின்னப் பிள்ளையாகச் சிரித்தாள். எனக்கு அவள் அவ்வளவு அழகாகத் தெரிந்ததேயில்லை.

"சித்தி! நிச்சயத்தன்னிக்கும் இதே மாதிரி பூக்குமா, சித்தி?"

கஸ்தூரி சீமாற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"பூக்கும் கண்ணு," என்றேன் நான். "மொத வரிசையில நான்தான உக்காந்திருப்பேன்."